வெடி எடுத்த நிலமும் வெடி எடுத்த கைகளும்

போத்தனூர்,
ஏப்ரல் 4

கோவை மாவட்டத்தில் பம்ப்செட், மோட்டார், வார்ப்படம், நூற்பு, தையல் என்று சிறுதொழில் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,



இன்று உலகக் கண்ணிவெடி விழிப்புணர்வு நாள். ஐ.நா. பொதுச்சபை 2005 டிசம்பரில் அறிவித்தது. மின்கட்டணமும் ஜிஎஸ்டியும் ஆர்டர் குறைவதும் போதாதென்று இது வேறா என்று உங்களில் பலர் கேட்பீர்கள். போத்தனூரில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் சின்னப் பட்டறை நடத்துகிறவள் நான். அந்தக் கவலைகளெல்லாம் எனக்கும் இருக்கின்றன. இருந்தும் இந்த மடலை உங்களுக்கே எழுதுகிறேன். கண்ணிவெடி விஷயத்தில் அரசுகள் செய்ய வேண்டியதைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். தொழில் செய்கிறவர்கள் செய்ய வேண்டியதைப் பற்றி யாரும் நம்மிடம் பேசவில்லை.

இலங்கையின் வடக்கில், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும், மண்ணைக் கையால் கிளறி மிதிவெடி எடுக்கும் தமிழ்ப் பெண்கள் இருக்கிறார்கள். அந்த வேலை முடியும் நாள் நெருங்குகிறது. முடிந்த பிறகு அந்த நிலம் யார் பெயரில் இருக்கும், அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், அந்தப் பெண்களுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்பதுதான் என் கவலை.

அங்கே உள்நாட்டுப் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆட்களைக் கொல்லும் கண்ணிவெடியைப் பயன்படுத்தவும் செய்யவும் சேமிக்கவும் கைமாற்றவும் தடைவிதிக்கும் உடன்படிக்கை அது. 1997-இல் கையெழுத்தாகி 1999 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சேர்ந்த நாடு, உடன்படிக்கை தனக்கு நடைமுறைக்கு வந்து பத்து ஆண்டுக்குள் தன் மண்ணிலுள்ள வெடிகளை எடுத்துவிட வேண்டும். இலங்கைக்கு அந்தக் கெடு 2028 ஜூன் 1. மட்டக்களப்பு மாவட்டம் 2017-லேயே கண்ணிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டது. மீதி வேலையில் பெரும்பகுதி வடமாகாணத்தில்தான்.

ஆனையிறவிலிருந்து ஏ-9 சாலையில் யாழ்ப்பாணம் போகும் வழியில், பளையைத் தாண்டினால் முகமாலை. தென்னந்தோப்பும் பனங்கூடலுமான ஊர். 2000 முதல் போரின் கடைசிக் கட்டம்வரை இலங்கை ராணுவமும் விடுதலைப் புலிகளும் அங்கேதான் எதிரெதிராக நின்றார்கள். உலகில் மிக நெருக்கமாக வெடி புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். பாகிஸ்தானில் செய்த பி-4 வகையை ராணுவம் வரிசை வரிசையாகப் புதைத்தது. புலிகள் தாங்களே செய்த ஜொனி, ரங்கன்-99 வகைகளைப் புதைத்தார்கள். 1987 முதல் 1990 வரை அங்கிருந்த நம் அமைதிப்படையும் கண்ணிவெடியைப் பயன்படுத்தியது பதிவாகியிருக்கிறது. பிற்காலத்தில் ஹொரைசன், சர்வத்ரா என்ற பெயர்களில் நம் ராணுவத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர் குழுக்கள் இந்திய அரசின் பணத்தில் அங்கு போய் வெடி எடுத்தன. அது நல்ல காரியம். ஆனால் நம் கணக்கு அதோடு நேராகிவிட்டதாக நான் நினைக்கவில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு மீட்டர் அகலத்துக்குத் தடம் அடித்து, இருபக்கமும் குச்சி நட்டு, அந்தத் தடத்துக்குள் மட்டும் மண்டியிட்டு முன்னேறுவார்கள். முதலில் செடிகொடியை வெட்டுவது, பிறகு உலோகம் காட்டும் கருவியைத் தரைக்கு மேலே மெதுவாக ஆட்டுவது, சத்தம் வந்தால் அந்த இடத்தைச் சிறு கரண்டியால் பக்கவாட்டில் சுரண்டுவது. வெடி மிக நெருக்கமாக உள்ள இடத்தில் நீண்ட கைப்பிடி வைத்த இரும்பு வாரியால் மண்ணைப் படலம் படலமாக வாரி எடுக்கும் முறையையும் இலங்கையில் வளர்த்தெடுத்தார்கள். சத்தம் காட்டுவதில் பெரும்பாலும் ஆணியும் தோட்டாக் கூடும்தான் கிடைக்கும். கிடைப்பது ஆணிதான் என்று கை அசந்துபோகக் கூடாது. முகத்துக்குக் கனத்த பிளாஸ்டிக் தடுப்பு, மார்புக்குக் கவசம், மேலே வன்னி வெயில். என் பட்டறையில் மெல்லிய செம்புக் கம்பியை எனாமல் உரியாமல் ஸ்லாட்டில் இறக்கும் பெண்களின் கை எனக்குத் தெரியும். அதே பொறுமைதான் அங்கேயும். இங்கே பிசகினால் ஒரு காயில் கருகும், அங்கே ஒரு கால் போகும்.

ஹாலோ டிரஸ்ட், மேக் என்ற பன்னாட்டு அமைப்புகளும், டாஷ், ஷார்ப் என்ற இலங்கை அமைப்புகளும் இதைச் செய்கின்றன. இவற்றில் பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். கணவனைப் போரில் இழந்தவர்கள், கணவன் எங்கே என்றே தெரியாதவர்கள், ஒரு காலத்தில் துப்பாக்கி ஏந்தியவர்கள் எல்லோரும் ஒரே தடத்தில் மண்டியிடுகிறார்கள். மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, முறையான பயிற்சி, காயம்பட்டால் காப்பீடு. வடக்கில் குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்ணுக்கு இப்படியொரு வேலை வேறெங்கும் எளிதில் கிடைக்கவில்லை.

பெண்களை இந்த வேலைக்கு எடுத்ததை ஒரு சலுகை போலச் சிலர் பேசுகிறார்கள். அது தவறு. எந்த இடத்தில் வெடி இருக்கிறது என்று ஊரில் விசாரிக்கும்போது ஆண்களை மட்டும் கேட்டால் பாதி வரைபடம்தான் கிடைக்கும். விறகு பொறுக்கும் ஒற்றையடிப் பாதை, துணி துவைக்கும் துறை, ஆடு மேயும் பற்றை, கீரை பறிக்கும் குளக்கரை எல்லாம் பெண்களுக்குத்தான் அத்துபடி. கண்ணிவெடி வேலையில் பெண்களைக் கலந்து பேச வேண்டும் என்று 2005-லேயே ஐ.நா. தனியாக வழிகாட்டி வெளியிட்டது இதனால்தான். உலக அளவில் கண்ணிவெடியால் சாகிறவர்களிலும் காயப்படுகிறவர்களிலும் பெரும்பாலோர் ஆண்களும் பையன்களும். ஆனால் கால் போன கணவனைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போவதும், அவன் சம்பாத்தியத்தையும் சேர்த்துச் சம்பாதிப்பதும், பள்ளிக்கூடத்திலிருந்து மூத்த பெண்ணை நிறுத்துவதும் வீட்டுக்குள் நடப்பவை. அவற்றைக் கணக்கெடுக்க எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.

நிலத்துக்கு வருகிறேன். கொங்கு நாட்டில் பிறந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு ஏக்கர் காடு யார் பெயரில் பட்டா என்பதில்தான் ஒரு பெண்ணின் மரியாதை பாதி அடங்கியிருக்கிறது.

வடக்கில் வெடி எடுத்து நிலத்தைத் திரும்ப ஒப்படைக்கும்போது அந்த நிலம் யாரிடம் போகிறது? இலங்கையில் அரசு நிலத்தை 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பெர்மிட்டாகக் கொடுத்து வந்தார்கள். வாரிசின் பெயரைக் குறிப்பிடாமல் உரிமையாளர் இறந்தால் வாரிசு வரிசையில் ஆண் முந்திக்கொள்வான். அதைத் திருத்தி மகனையும் மகளையும் சமமாக்க 2022 வரை ஆனது. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தில் இன்னொரு முடிச்சு. திருமணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்கவோ அடகு வைக்கவோ கணவனின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். கணவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத பெண் எங்கே போய்க் கையெழுத்து வாங்குவாள்? இறப்புச் சான்றிதழ் வாங்கினால் அவன் செத்துவிட்டான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தான் பல பெண்கள் அதை வாங்க மறுத்தார்கள். 2016-இல் காணாமற்போனவர்களுக்கென்று தனிச் சான்றிதழ் வந்தது. அந்தக் காகிதத்தை நம்பிக் கடன் கொடுக்க ஒரு வங்கி மேலாளரோ ஒரு வியாபாரியோ முன்வந்தால்தான் அதற்கு உயிர்.

வெடி இல்லாத நிலமும் கைக்கு வராமல் போவதுண்டு. ஆண்டுக்கணக்கில் ஆள் இல்லாமல் பற்றை மண்டிய காணியை வனத்துறை தன் எல்லைக்குள் போட்டுக்கொண்டது. படை முகாம்களுக்குள் மாட்டிக்கொண்ட காணிகளும் உண்டு. 2017 தொடக்கத்தில் முல்லைத்தீவு கேப்பாப்புலவில், விமானப்படை வசமிருந்த பிலக்குடியிருப்பு மக்கள் முகாம் வாசலிலேயே ஒரு மாதம் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு இரவு பகலாக முன்னால் நின்றவர்கள் பெண்கள். மார்ச் 1-ஆம் தேதி அந்த நிலம் திரும்பக் கிடைத்தது. துப்பாக்கி ஓய்ந்து ஏறக்குறைய எட்டு ஆண்டுக்குப் பிறகு கிடைத்த அமைதி அது. தலைவர்கள் போட்ட எந்த ஒப்பந்தத்தாலும் வந்ததல்ல அது. அமைதிப் பேச்சில் பெண்களும் பங்கேற்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2000 அக்டோபரில் 1325-ஆம் தீர்மானம் போட்டது. நியூயார்க்கில் எழுதிய அதைக் கேப்பாப்புலவில் நடத்திக் காட்டினார்கள்.

மொசாம்பிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது போத்தனூர்க்காரர்களுக்கு உடனே புரியும். நீண்ட உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்த நாடு 2015-இல் கண்ணிவெடி அற்றதாக அறிவித்துக்கொண்டது. பொருளியல் ஆய்வாளர்கள் பிறகு அங்கே எங்கெங்கே எப்போது வெடி எடுத்தார்கள், அதன்பின் பொருளாதாரம் எப்படி வளர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரயில் பாதையையும் சாலையையும் சந்தை ஊர்களையும் சுத்தப்படுத்திய இடங்களில் பலன் அந்த ஊரோடு நிற்காமல் தொலைதூரம் பரவியிருந்தது. ஆரம்பத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டு வேலையை வகுத்திருந்தால் நாடு இன்னும் வேகமாக எழுந்திருக்கும் என்பது அவர்கள் கண்டது. நம்முடையது ரயிலால் பிழைத்த ஊர். கோவை நகரத்துக்குள் ரயில் வருவதற்கு முன்பே போத்தனூருக்கு வந்துவிட்டது. சந்திப்பு இருந்ததால்தான் பஞ்சும் நூலும் இந்தப் பக்கம் வந்தன, பட்டறைகள் வந்தன. வடக்கிலும் அப்படியே நடந்தது. 1990-இல் நின்றுபோன யாழ்தேவி ரயில், தண்டவாளத்தையே புதிதாகப் போட்டு, 2014 அக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. பாதையை இந்தியக் கடனில் நம் இர்கான் நிறுவனம் போட்டது. அதற்கு முன்னால் அந்த வழி நெடுக யாரோ மண்டியிட்டு வெடி எடுத்திருந்தார்கள்.

ரயில் வந்துவிட்டது, நிலமும் ஓரளவு வந்துவிட்டது, சம்பளம் மட்டும் நிற்கப்போகிறது. கெடு முடிந்து கடைசி வெடியும் எடுக்கப்பட்டதும் இந்தப் பெண்களின் வேலையும் முடிந்துவிடும். தங்கள் வேலையை நன்றாகச் செய்யச் செய்ய அந்த நாள் கிட்டே வருகிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தி வைத்தபோது, கண்ணிவெடி வேலை ஒரே கையெழுத்தில் எப்படி முடங்கும் என்பதை உலகமே பார்த்தது. சம்பளம் நின்ற வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு வடக்கிலேயே அனுபவம் இருக்கிறது. போருக்குப் பின் அங்கே புகுந்த நுண்கடன் நிறுவனங்களிடம் பெண்கள் சிக்கினார்கள். வாரத் தவணைக்காக இன்னொரு கடன், அந்தக் கடனுக்காக வேறொரு கடன் என்று போய், 2018-இல் அரசே ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. நம் ஊரில் குழுக்கடன் வசூலுக்கு வீட்டு வாசலில் வந்து உட்காருகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதே இடத்தில் 2016-இல் திறந்த இலங்கை ஜெர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. அந்த இடங்களோடு நம் சங்கங்கள் பேச வேண்டும். வெடி எடுக்கும் வேலையிலிருந்து விடுபடும் பெண்களுக்கு மோட்டார் ரீவைண்டிங், பம்ப் ரிப்பேர், வெல்டிங், சூரியசக்திப் பம்ப் பொருத்துதல் கற்றுக்கொடுக்க நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். ஒழுங்கும் பாதுகாப்பு விதியும் அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் அவர்கள்தான் நமக்குப் பாடம் எடுக்க முடியும். ஆனால் கற்றுக்கொடுப்பதோடு நிற்கக் கூடாது. நம் ஊரிலேயே பாருங்கள், கம்பெனிக்குள் காயில் சுற்றுவது பெண், தெருமுனையில் போர்டு மாட்டிய ரீவைண்டிங் கடை ஆணுடையது. அந்தக் கடையை அவள் பெயரில் திறக்கத் தேவையான மெஷினும் முதல் சில மாதத்துக்கான கம்பியும் கடனாகக் கிடைத்தால்தான் பயிற்சி தொழிலாகும்.

யாழ்ப்பாணம் கிணற்று விவசாயம். வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம் கிணற்றை நம்பித்தான். 2022 நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் விவசாயிகளும் மீனவர்களும் தவித்ததை நாம் செய்தியில் பார்த்தோம். வெடி எடுத்து, கிணறு தூர்வாரி, பம்ப் இல்லாமல் கிடக்கும் காணியை மறுபடி பற்றைதான் மூடும். சிறு சூரியசக்திப் பம்பைத் தவணைக்குக் கொடுக்கும் ஏற்பாட்டை நம்மில் யாராவது தொடங்கினால், ஒரு நிபந்தனை வையுங்கள். விண்ணப்பத்தில் கணவன் கையெழுத்துக்கான இடமே இருக்கக் கூடாது. காணாமற்போனவரின் சான்றிதழ் வைத்திருக்கும் பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும் என்று ஒரு கோயமுத்தூர் கம்பெனி எழுதிவிட்டால், அங்குள்ள வங்கிகளும் அதைப் பார்க்கும்.

இதில் வியாபாரம் உண்டா என்று கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். உண்டு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2019-இல் விமானமும், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பலும் தொடங்கின. நம் மொழியில் விலை பேசி, நம் மொழியில் ரிப்பேர் சொல்லித்தரும் சந்தை நமக்கு வேறெந்த வெளிநாட்டில் இத்தனை பக்கத்தில் கிடைக்கும்? லாபம் சம்பாதியுங்கள். இதை நான் கூச்சமில்லாமல் சொல்கிறேன். தானமாகப் போனது தானம் கொடுப்பவரின் மனம் மாறினால் நின்றுவிடுகிறது.

போகும்போது ஒன்றை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கல்யாண வயதுப் பெண்களை மூன்று வருடம் மில் விடுதிக்குள் வைத்து, கடைசியில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று வேலை வாங்கிய வரலாறு நம் மண்டலத்துக்கு உண்டு. இடையில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பிய பெண்கள் வெறுங்கையோடு போனார்கள். கோர்ட்டும் அரசும் பத்திரிகைகளும் தலையிட்ட பிறகும் அதன் மிச்சம் வேறு பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கில் தையல் ஆலை திறக்க நினைக்கிறவர்கள் அந்தப் பழக்கத்தைக் கப்பலேற்றினால், மிதிவெடி எடுத்த பெண்ணை இன்னொரு குழிக்குள் தள்ளியவர்கள் ஆவோம். மாதச் சம்பளம், சங்கம் வைக்கும் உரிமை, விடுதியிலிருந்து வெளியே போய்வரும் உரிமை. இந்த மூன்றும் இல்லாத ஆலை அங்கே வேண்டாம்.

கடல் தாண்டும் முன் பேரூர் தாண்டிப் பூலுவப்பட்டிக்கும், பவானிசாகருக்கும் போய் வாருங்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் அங்கே இருக்கின்றன. முப்பது நாற்பது வருடமாக நம் பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்கள். பிள்ளைகள் இங்கே பிறந்து, இங்கே படித்து, டிப்ளமோவும் டிகிரியும் வாங்கியிருக்கிறார்கள். குடியுரிமைக் காகிதம் இல்லை என்று நம் கம்பெனிகளில்தான் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். காணிக்குள் வெடி இருக்குமோ என்ற அச்சமும், காணியே நம்முடையதாக இருக்குமா என்ற அச்சமும்தான் பல குடும்பங்களை இங்கேயே நிறுத்திவைத்திருக்கின்றன. அவர்களில் ஒரு பெண்ணுக்கு நல்ல வேலை கொடுத்து, தொழில் கற்றுக்கொடுத்து, திரும்பிப் போக விரும்பினால் தொழிலோடு போகும்படி செய்தால், நான் மேலே சொன்ன அத்தனைக்கும் அவளே பாலமாவாள்.

நம் நாடு ஒட்டாவா உடன்படிக்கையில் இதுவரை கையெழுத்திடவில்லை. நீண்ட எல்லையைக் காரணம் சொல்கிறது. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, ஆபரேஷன் பராக்ரம் என்று ராணுவம் பஞ்சாப், ராஜஸ்தான், ஜம்மு எல்லையில் விளைநிலங்களில் கண்ணிவெடி புதைத்தது. போர் வரவில்லை, படை திரும்பிவிட்டது, விவசாயி தன் வயலுக்குள் இறங்கத்தான் காத்துக் கிடந்தான். கால் இழந்தவர்களும் உண்டு. எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய நாடுகள் ரஷ்யாவைக் காரணம் காட்டி உடன்படிக்கையை விட்டு விலகும் முடிவை 2025-இல் எடுத்துவிட்டன. உலகம் பின்னோக்கி நடக்கும் நேரம் இது. நம் தொகுதி எம்.பி.யிடம் பஞ்சு இறக்குமதி வரிக்காக மனுக் கொடுக்கும்போது, இந்த உடன்படிக்கையில் இந்தியா ஏன் சேரவில்லை என்று ஒரு பத்தியும் சேர்த்துக் கொடுங்கள். தொழில்காரர்கள் கேட்டால் அதற்கு ஒரு எடை உண்டு.

உங்கள் சங்கத்தின் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். முதலில் நாலு பேர் கிளிநொச்சிக்கும் முகமாலைக்கும் போய், அங்குள்ள பெண்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு வரட்டும். அந்த நாலு பேரில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும், ஒருவர் பம்ப் தெரிந்தவராக இருக்கட்டும், ஒருவர் கடன் கணக்குத் தெரிந்தவராக இருக்கட்டும். காயில் தெரிந்தவர் தேவைப்பட்டால் நான் வருகிறேன். என் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
போத்தனூரிலிருந்து உங்களில் ஒருத்தி